அத்தாவின் காலுக்கு எடுத்துவந்த ஷீட்

அத்தாவின் செருப்பு வார் மாமல்லபுரத்தில் அறுந்தது. மே மாதத்து நடுப்பகல். வேலூரிலிருந்து வந்திருந்த உறவினர்களுக்குக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல் பாவிய பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தார் அத்தா. செருப்புப் போட்டவர்களே நிழலைப் பார்த்து ஓடினார்கள். அவர் வழியில் நின்று நுங்கு விலை விசாரித்துவிட்டு நிதானமாக வந்து சேர்ந்தார்.

"சுடலியா அத்தா?" என்று கேட்டேன்.

"இன்னா சூடு? ஒண்ணும் தெரியலியே."

அப்பாவின் அந்தப் பதிலைக் கேட்டதுமே மகளாக நான் பயந்திருக்க வேண்டும். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பி, சாயங்காலம் அவர் தொழுகைக்காகக் கால் கழுவும்போதுதான் அம்மா கவனித்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, பெரிய கொப்புளம். இரண்டு நாளில் அது உடைந்தது. தோல் உரிந்த இடம் ஆறவில்லை. ஜூலை மாதம் வந்தபோது அங்கே ஒரு குழி இருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார் அத்தா. தையல் மெஷினின் பெடலை எப்போதும் வலது காலால்தான் அழுத்துவார். இப்போது இடது காலால் பழக ஆரம்பித்தார். தையல் கோணிக்கொண்டு போனது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று வீட்டில் சொல்வார். பிரித்துத் திரும்பத் தைத்த கவர்களைக் கடையின் மூலையில் நான் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஏற்பட்ட வேதனைக்குத் தனிக் காரணம் உண்டு. ஆறாத புண்களுக்குப் போடும் ஷீட் செய்கிற இடத்தில்தான் நான் வேலை பார்த்தேன்.

திருப்போரூரைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருந்த சின்ன கம்பெனி அது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிரிஞ்ச் படுத்திருக்கும். அதற்குள் பாலிமரும் ஜெலட்டினும் கரைந்த பிசுபிசுப்பான கரைசல். ஊசி முனைக்கும் எதிரில் சுழலும் உருளைக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம். அந்த இழுப்பில் ஊசி முனையில் நிற்கும் துளி கூம்பாக நீளும். அதன் நுனியிலிருந்து இழை கிளம்பிச் சுழன்று சுழன்று உருளையில் போய்ப் படியும். தலைமுடியை நூற்றுக்கணக்கான பிரிகளாகக் கிழித்தால் ஒரு பிரி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மெல்லிய இழை. மணிக்கணக்கில் படிந்த பிறகு உருளையிலிருந்து டிஷ்யூ பேப்பர் போன்ற ஒரு வெள்ளை ஷீட்டை உரித்தெடுப்போம். புண்ணின் மேல் வைத்தால் உடம்பின் செல்கள் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு ஏறி வளரும். பிறகு ஷீட் தானாகக் கரைந்துபோகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அத்தாவுக்குச் சொல்லியிருக்கிறேன். "கட்டடத்துக்குச் சவுக்குக் கம்புல சாரம் கட்றாங்கல்ல அத்தா, அது மாதிரி."

"சாரத்தை யாரு பிரிக்கிறது?"

"பிரிக்க வேணாம். தானே கரைஞ்சிடும்."

"ஜெலட்டினு எதுல எடுக்குறது?"

"மீன் தோல்ல."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

ஷீட்டுகளைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி மைக்ரோஸ்கோப் படத்துக்கு அனுப்புவேன். தடிமன் பார்ப்பேன், ஈரம் பார்ப்பேன், தேர்வானதா இல்லையா என்று கையெழுத்துப் போடுவேன். மெஷினை ஓட்டியவர் ஓர் அக்கா. திருப்போரூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். கம்பெனிக்குத் தரை துடைக்கும் வேலைக்கு வந்தவர், அருகில் நின்று பார்த்தே மெஷினைக் கற்றுக்கொண்டவர். கடலும் உப்பங்கழியும் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு எப்போதும் ஈரப்பதத்தோடுதான் சண்டை. மீட்டர் காட்டுவதற்கு முன்பே துளியைப் பார்த்து அக்கா சொல்லிவிடுவார், "மேடம், காத்துல ஈரம் ஏறிகினு கீது. நிறுத்திடலாமா?" அவர் சொல்லி நான் மீட்டரைப் பார்த்தால் முள் ஏறிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஷீட்டை அப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று கறாரான விதிகள் உண்டு. கம்பெனியில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அத்தாவை அழைத்துக்கொண்டு போனேன், என் வேலையைச் சொல்லாமல். அந்த விதி வரைக்கும் போகவே இல்லை. ரத்தப் பரிசோதனையிலேயே சிறுநீரகம் சரியில்லை என்று வந்துவிட்டது. "மன்னிக்கணும், இவரைச் சேர்க்க முடியாது" என்றார் அங்கிருந்த டாக்டர். வழக்கமான கட்டையே தொடரச் சொன்னார். காலில் பாரம் விழக் கூடாது என்று ஒரு தனிச் செருப்பும் எழுதிக் கொடுத்தார்.

ரயிலில் திரும்பும்போது அத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பொருள் யார் யார் காலையோ ஆற்றுகிறது, என் அத்தாவுக்கு இல்லை என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அறையில் ஈரத்தை இழுக்கும் இயந்திரம் நின்றுபோனது. வெளியே நல்ல மழை. அக்கா கவனித்து நிறுத்துவதற்குள் ஒரு தொகுதி பாழாகிவிட்டது. மைக்ரோஸ்கோப் படத்தில் இழை நெடுகிலும் பாசிமணி கோத்தது போல முடிச்சுகள். பன்னிரண்டு ஷீட். பன்னிரண்டையும் நான்தான் கழித்துக் கையெழுத்துப் போட்டேன். கழித்தவற்றை மஞ்சள் மூடி போட்ட பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்போம். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து எரிக்க அனுப்புவார்கள். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம்.

மூன்று நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு இருந்தால் என்ன, அதே பாலிமர்தானே, அதே ஜெலட்டின்தானே என்று மனம் வாதாடியது. நோயாளிக்குப் போகும் ஷீட்டுகளை வெளியே அனுப்பி வாயுவில் கிருமி நீக்கி வாங்குவோம். வெந்நீரிலோ ஆவியிலோ வைக்க முடியாது, உருகிவிடும். கழித்த ஷீட்டுக்கு அந்த வேலை எதுவும் நடந்திருக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். நான்காம் நாள் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து ஒரு ஷீட்டை எடுத்தேன். புறஊதா விளக்கின் கீழ் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்தேன். காலியான டிபன் டப்பாவை ஸ்பிரிட்டில் துடைத்து, ஷீட்டை உள்ளே வைத்து மூடினேன். இவ்வளவு செய்தால் போதும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரை அறையைவிட்டே வெளியேற்றியிருப்பேன்.

"கம்பெனில குடுத்தாங்கம்மா" என்றேன் வீட்டில்.

அம்மா மகிழ்ந்துபோனார். நான் கையுறை போட்டுக்கொண்டு புண்ணைக் கழுவி, ஷீட்டை அளவாக வெட்டி வைத்தேன். வைத்ததும் அது ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடி போலத் தெளிந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டது. அத்தா கழுத்தை வளைத்துப் பார்க்க முயன்றார். "இவ்ளோதானா?" என்றார்.

முதல் மூன்று நாள் புண் சுத்தமாக இருந்தது. ஓரங்களில் இளஞ்சிவப்பு தெரிந்தது. கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அந்த மூன்று நாளும் நான் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஐந்தாம் நாள் காலை அத்தாவுக்குக் குளிர் எடுத்தது. கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. பாதத்தின் மேற்புறம் வரை சிவந்து வீங்கியிருந்தது. வலி தெரியாத கால் என்பதால் அவர் அதன் மேல் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வார்டில் இருந்த பெண் டாக்டர் புண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா போட்டீங்க? ஏதோ சவ்வு மாதிரி ஒட்டிகினு இருக்கே" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "மெடிக்கல்ல வாங்குன கட்டுதான் டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மருந்து ஏற்றினார்கள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் நிறம் மாறத் தொடங்கின. டாக்டர் மறுபடி வந்தபோது நான் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பாலிமர், என்ன ஜெலட்டின், எங்கிருந்து எடுத்தேன், என்ன செய்யாமல் விட்டேன், எல்லாம்.

அவர் கத்தவில்லை. "கிருமி நீக்காத ஜெலட்டினா? கிருமிக்குச் சோறு போட்ட மாதிரிதானே? நீங்க படிச்சவங்க" என்றார். பிறகு, "இத நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். மருந்தை மாற்றியிருப்பேன், புண்ணை உடனே திறந்து அந்தச் சவ்வைச் சுத்தமாக எடுத்திருப்பேன் என்றார். விரல் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். "இந்தக் காலு ஏற்கனவே மோசம். ஷீட் போடாமலே இப்படி ஆயிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம்."

அந்தச் சாயங்காலம் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அத்தா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அம்மா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, கம்பெனியில் கொடுக்கவில்லை, நானே எடுத்துவந்தேன் என்று சொன்னேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"தெரியும்மா."

"எப்படி?"

"கம்பெனில குடுத்திருந்தா ஒரு கவரு, ஒரு சீட்டு இருக்கும். நீ டிபன் டப்பால கொண்டாந்த."

"அப்ப ஏன் அத்தா போட வுட்டீங்க?"

அவர் தட்டில் இருந்த சட்னியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் ஆச இருந்திச்சி. வலது காலால தைக்கணும்னு. கேட்டா நீ எடுத்துகினு போயிடுவ. அதான் கேக்கல."

எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அவருடைய ஆசையும் என் திருட்டும் சேர்ந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

பத்து நாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்குப் போனேன். மெஷின் முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன். மாதக் கடைசி எண்ணிக்கையில் பெட்டியில் பதினொரு ஷீட்தான் இருந்திருக்கிறது. சாவி வைத்திருந்தவர்களில் அப்போது அங்கே இருந்தது அக்கா மட்டும். அவருடைய பையைத் திறந்து பார்த்தார்களாம். லாக்கரைத் திறந்து பார்த்தார்களாம். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் அன்போடு கேட்டார்கள்.

நேராக முதலாளியின் அறைக்குப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. மதியம் வரை என் மேஜையிலேயே உட்கார்ந்து பழைய மைக்ரோஸ்கோப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்காவை எப்படியும் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள், ஒரு ஷீட்தானே, கழித்த ஷீட்தானே என்றுகூட ஒரு யோசனை ஓடியது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் இதே குரல்தான் எனக்குள் பேசியது. அது உறைத்ததும் எழுந்துவிட்டேன்.

எங்கள் முதலாளி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மனுஷன் மேல போட்டீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"விரல் போச்சா?"

"ரெண்டு சார்."

பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு, இதை மருத்துவமனைக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும், அனுப்பிய எல்லா ஷீட்டையும் திரும்ப எண்ண வேண்டும், அதுவரை புதிய நோயாளி யாரையும் சேர்க்க மாட்டார்கள் என்றார். "உங்க கையெழுத்து இருக்கிற ஒவ்வொரு தாளையும் இனி சந்தேகமாப் பாப்பாங்க. அது தப்பில்ல" என்றார். அக்காவைத் தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். என்னிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டார். நீக்கினோம் என்று எழுதாமல் விட்டது அவர் காட்டிய தயவு.

அந்த வாரமே அக்காவைத் தேடிப் போனேன். திருப்போரூரில் பஸ் மாறி, மனைப் பிரிவு விளம்பரப் பலகைகளைக் கடந்து, ஒரு தெருக் குழாயடியில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"உள்ள வா" என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அப்பா காலு எப்படி கீது?"

"விரல் எடுத்துட்டாங்க அக்கா."

"சொன்னாங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எம் பையைக் கவுத்துக் கொட்டினாங்க தெரியுமா? சீப்பு, மாத்திர, எல்லாம் மேச மேல. நான் அத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போறேன், மீன் கழுவின தண்ணிய வடிகட்டவான்னு கேட்டேன். ஒருத்தன் சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் போகல."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார் பிறகு.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன். ஈரத்துல வந்த சரக்கு, அப்பன் காலுல போடாதன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் நீ சொல்லல."

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை. பஸ் எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் காட்டினார்.

அக்கா திரும்ப வேலைக்குப் போய்விட்டார். அவரை மெஷின் பிரிவுக்கே பொறுப்பாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு மருத்துவமனைச் சோதனையும் மறுபடி தொடங்கியது. அத்தா இப்போது கடைக்குப் போகிறார். காலுக்கென்று செய்த கனமான ஷூவைப் போட்டுக்கொண்டு இடது காலாலேயே தைக்கிறார். தையல் இப்போது கோணுவதில்லை. அம்மாவுக்கு மட்டும் நான் எடுத்துவந்த கதையை இன்னும் யாரும் சொல்லவில்லை. "அவ்ளோ நல்ல ஷீட்டு, இவர் சர்க்கரைக்கு ஒத்துக்கல" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தா என் பக்கம் பார்க்காமல் இருப்பார்.

மூன்று இடங்களில் வேலைக்குப் போனேன். முன்னிருந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். மூன்று இடத்திலும் நடந்ததைச் சொன்னேன். இரண்டு இடத்தில் பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். மூன்றாவது, மதுராந்தகத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன இடம். அங்கிருந்த வயதான அம்மையார் கேட்டுவிட்டு, "இங்க கையெழுத்து ரெண்டு பேர் போடணும். ஒருத்தர் போட்டா செல்லாது. பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு தாளிலும் இன்னொருவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன்.